பேரும் பணமும் படிப்பும்: எமது வலைப்பந்தாட்ட அணியின் வரலாற்றுக்கு ஒரு முன்னுரை

நூற்றாண்டு மலருக்கு விளையாட்டு வரலாறு வேண்டும் என்று மலர்க்குழு கேட்டபோது, அதிபர் அலுவலகத்துக் கண்ணாடி அலுமாரியில் இருக்கும் கிண்ணங்களைப் பட்டியலிட்டுக் கொடுத்தால் போதும் என்றுதான் எம்மில் பலர் நினைத்தோம். பட்டியல் போடத் தொடங்கிய பின்னர்தான் கிண்ணங்கள் எவ்வளவு குறைவாகப் பேசுகின்றன என்பது தெரிந்தது. எந்த வருடம், எந்தப் போட்டி, எத்தனையாம் இடம், அவ்வளவுதான். ஆடியவர்கள் யார், அந்த ஆட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, ஆடிய பிள்ளை பின்னர் சாதாரண தரம் சித்தியடைந்தாளா என்ற மூன்று கேள்விகளுக்கும் அவற்றில் பதில் இல்லை. பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்திலும் "வலைப்பந்தாட்ட அணி வலயப் போட்டிக்குச் சென்றது" என்ற ஒரு வரிதான். சென்ற பிள்ளைகளின் பெயர் இல்லை. வான் கூலி கொடுத்தது யார் என்பதும் இல்லை.

ஆகவே இந்த மூன்றையும் பற்றியே இங்கு எழுதுகிறோம். எல்லே, கரப்பந்து, மெய்வல்லுநர் போட்டிகள் என்று எல்லாம் எமது பாடசாலையில் இருந்தன. ஆயினும் எந்தத் தலைமுறைப் பழைய மாணவியைக் கேட்டாலும் முதலில் சொல்வது வலைப்பந்தாட்டத்தைத்தான்.

இந்த ஆட்டத்தின் பிறப்பே மகளிர் கல்லூரிகளோடு சம்பந்தப்பட்டது. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அடுத்த வருடமே அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரென்சன் அதைப் பெண்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கற்பித்தார். 1893 மார்ச்சில் அக்கல்லூரி மாணவியர் ஆடிய முதல் போட்டிக்கு ஆண் பார்வையாளர்கள் அனுமதிக்கப்படவில்லை. அதே 1893இல் இலண்டன் ஹாம்ஸ்டெட்டில் மார்ட்டினா பேர்க்மன் ஓஸ்டர்பேர்க் அம்மையார் நடத்திய உடற்பயிற்சிக் கல்லூரிக்கு வந்த ஓர் அமெரிக்கர், காகிதம் போடும் கூடைகளைச் சுவரில் மாட்டி அந்த ஆட்டத்தைக் காட்டினார். நீண்ட பாவாடையோடு பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது எப்படி? ஓட்டம் குறைந்தது, கைமாற்றுவது கூடியது, கூடை வளையமாயிற்று. 1901இல் ஆங்கில விதிகள் அச்சில் வந்தன. அக்கல்லூரியில் பயின்ற ஆசிரியைகள் பிரித்தானியக் குடியேற்ற நாடுகள் எங்கும் பரவியபோது ஆட்டமும் கூடவே போயிற்று. பந்தோடு ஓடக்கூடாது என்ற விதி அந்தப் பாவாடைக் காலத்தின் மிச்சம். பாவாடை சுருங்கிப் பல காலமாகியும் விதி அப்படியே இருக்கிறது.

இலங்கையில் 1921இல் கண்டி மகளிர் உயர் பாடசாலையின் பெண் சாரணியர் ஆடியதையே முதல் வலைப்பந்தாட்டமாகச் சொல்வார்கள். கண்டியிலிருந்து தலவாக்கலை புகைவண்டியில் சில மணி நேரம். ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்க ஆட்டத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. காரணம் மலையோ மழையோ அன்று. அந்நாளில் எமது மலைகளில் விளையாட்டு என்றால் துரைமாரின் விளையாட்டு. ரதல்லையில் அவர்களுக்குக் கிரிக்கெட்டுக்கும் ரக்பிக்கும் கம்பளம் விரித்தாற்போல் ஒரு மைதானம் இருந்தது, இன்றும் இருக்கிறது. மலையை வெட்டி மட்டமாக்கிய நிலம் தோட்டத்தில் மூன்றே இடங்களில் இருந்தது என்று எமது பாட்டிமார் சொல்வார்கள்: தொழிற்சாலை, பங்களா, துரையின் விளையாட்டு மைதானம். வலைப்பந்தாட்டத் திடல் ஒன்றுக்கு 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் மட்டமான நிலம் வேண்டும். லயத்தின் முன்னால் இருக்கும் வாசல் அதில் கால்வாசி வராது.

நிலம் இருந்திருந்தாலும் ஆடப் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். 1907இன் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு ஒழுங்கு செய்யும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் விட்டது. 1920இன் கல்விக் கட்டளைச் சட்டம் அதைச் சற்று இறுக்கி, 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடசாலை இருக்க வேண்டும் என்றது. பத்து வயதோடு படிப்பு முடிந்த பெண்பிள்ளை பிள்ளைமடுவத்துக்கோ கொழுந்து மலைக்கோ போனாள். 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அந்தக் கூரையின் கீழ் வரவில்லை. ஆகவே அக்காலத்தில் மலையக நகரங்களின் மகளிர் பாடசாலைகளில் படித்தவர்கள் பெரும்பாலும் கடைக்கார முதலாளிமாரின், தோட்ட உத்தியோகத்தர்களின், ஆசிரியர்களின் பிள்ளைகள். அதை அவர்களின் குறையாகச் சொல்லவில்லை. வீட்டின் எதிர்ப்பை மீறிக் குட்டைப் பாவாடையில் திடலில் இறங்கிய முதல் பெண்கள் அவர்கள்தான். ஆனால் எமது ஆட்டப் பட்டியலில் தோட்டத்துப் பிள்ளையின் பெயர் ஏன் இவ்வளவு பிந்தி வருகிறது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு விடை பெயரைவிடப் பெரியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எமது மக்களை நாடற்றவர்களாக்கியது. மறுவருடம் வாக்குரிமையும் போயிற்று. இதை ஏன் விளையாட்டுக் கட்டுரையில் எழுதுகிறோம் என்று சிலர் கேட்கலாம். 1960இல் அவுஸ்திரேலியா, இங்கிலாந்து, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் இலங்கையில்தான் கூடி வலைப்பந்தாட்டத்துக்குப் பொது விதிகளை வகுத்தார்கள். சர்வதேச சம்மேளனம் பிறந்தது இந்த மண்ணில். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதலாவது உலகப் போட்டி நடந்தபோது இலங்கை அணியும் கப்பலேறியது. அந்த அணியில் இடம்பெறக்கூடிய ஒரு பிள்ளை அன்று மட்டுக்கலையிலோ ஹொலிரூட்டிலோ இருந்திருந்தால் அவளுக்குக் கடவுச்சீட்டுக் கிடைத்திராது. அவள் எவ்வளவு உயரம் பாய்ந்தாலும் கதை அதோடு முடிந்தது.

அடுத்த வருடம், 1964 ஒக்ரோபர் 30இல், சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எழுபதுகளில் படித்த அக்காமார் அணியைப் பற்றிப் பேசும்போது ஆட்டத்தைவிடப் பிரிவையே அதிகம் பேசுகிறார்கள். ஒரு தவணை முடிந்து பாடசாலை திறந்தால் மையத்தில் ஆடியவள் இல்லை. குடும்பத்தோடு தலைமன்னார் போய்விட்டாள். புகையிரத நிலையத்தில் பெட்டி முழுதும் அழுகை. அந்த வண்டிக்கு எமது மக்கள் வைத்த பெயர் "ஒப்பாரிக் கோச்சி". கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருந்து இந்த மலரைப் படிக்கப்போகும் சகோதரிகள் சிலர் அந்த வண்டியில் போனவர்கள். உங்கள் பெயர்கள் எமது பட்டியலில் பாதி வருடத்தோடு நின்றுவிடுகின்றன.

எழுபதுகளைப் பற்றி வேறொன்றையும் சொல்ல வேண்டும். 1973, 74இல் தோட்டங்களில் பசி. 1977, 1981, 1983இல் வன்செயல். அந்த வருடங்களில் அணி இருந்ததா என்று தேடுவதே ஒருவகையில் தகாத காரியம்போலத் தோன்றும். இருந்தாலும் இருந்திருக்கிறது, புகைப்படம் ஒன்று கிடைத்துள்ளது. அதில் ஆறு பேர்தான் நிற்கிறார்கள். ஏழாமவர் வரவில்லையா, இல்லையா என்று சொல்ல யாரும் இல்லை.

தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இலிருந்து. அதன் பயன் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் தெரிந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றிருக்க வேண்டிய பிள்ளைகள் பஸ் ஏறி நகரப் பாடசாலைக்கு வந்தோம். இந்தக் கட்டுரையில் "நாம்" என்று சொல்வது பெரும்பாலும் அந்தத் தலைமுறையைத்தான். லயத்திலிருந்து வந்து அணியின் பட்டியலில் முதன்முதலாகப் பெருவாரியாக இடம்பிடித்தவர்கள் நாமே.

எமது திடலை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். வளையம் தோட்டத்துப் பட்டறையில் வளைத்துத் தந்தது. கம்பம் பழைய தண்ணீர்க் குழாய். 3.05 மீற்றர் உயரம் இருக்க வேண்டியது. வடக்குப் பக்கம் மண் சரிந்து சரிந்து அந்தப் பக்கக் கம்பம் ஒரு சாண் உயர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் கோல் போட்டுப் பழகியவர்களுக்கு வெளியூர்ப் போட்டியில் வளையம் தாழ்வாகத் தெரிந்தது ஓர் இலாபம். பிற்பகல் மூன்று மணிக்கு மூடுபனி இறங்கினால் பந்தை எறிபவளுக்கு வாங்குபவளைத் தெரியாது. பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே ஆடினோம். அந்தப் பழக்கத்தால்தான் எமது அணி சத்தம் அதிகம் போடும் அணி என்று பெயரெடுத்தது.

வலைப்பந்தாட்டத்தில் ஏழு பேர், ஏழு இடம். ஒவ்வொருத்திக்கும் நெஞ்சிலும் முதுகிலும் எழுத்துப் போட்ட துணி. அந்த எழுத்து சொல்லும் எல்லையைத் தாண்டக்கூடாது. பன்னிரண்டு பேர்வரை அணியில் இருக்கலாம். பன்னிரண்டு பேரைச் சேர்ப்பதுதான் எமது டீச்சருக்குப் பெரும்பாடு. ஆடத் தெரிந்தவர்கள் போதாமல் இல்லை. பாடசாலை இரண்டு மணிக்கு விடும். பயிற்சி மூன்றரை, நான்கு வரை. தோட்டத்துக்குக் கடைசி பஸ் அதற்குள் போய்விடும். அம்மா கொழுந்து நிறுத்து மடுவத்திலிருந்து வர ஐந்து மணியாகும். அதுவரை தம்பி தங்கையைப் பார்ப்பதும் பீலியில் தண்ணீர் பிடிப்பதும் மூத்த பெண்பிள்ளையின் வேலை. ஆகவே அணியில் நின்றவர்கள் யார் என்று பார்த்தால் ஒரு வடிவம் தெரிகிறது: நகரத்தை ஒட்டிய தோட்டங்களில் இருந்தவர்கள், வீட்டில் பாட்டி இருந்தவர்கள், இளைய பிள்ளைகளாகப் பிறந்தவர்கள். கிரேட்வெஸ்டர்ன் பக்கமிருந்து வந்த மூத்த பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியானாலும் பதில் ஆட்டக்காரியாகக்கூட நிற்க முடியவில்லை. திறமை தேர்வு செய்வதற்கு முன்பே பஸ் நேரம் தேர்வு செய்துவிட்டது.

உயரமும் ஒரு தேர்வாளர். வலைப்பந்தாட்டம் உயரமானவர்களின் ஆட்டம். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். ஏறத்தாழ மூன்று பிள்ளைகளுக்கு ஒன்று. மருத்துவத்துறைக்கு வந்தபின் இந்த எண்ணைப் பார்த்தபோது எமக்கு நினைவுக்கு வந்தது நகரப் பாடசாலைகளின் அணிகளோடு வரிசையில் நின்று கைகொடுத்த கணம்தான்: எமது நெற்றி அவர்களின் தோளுக்கு வந்தது. அது பரம்பரை என்று அன்று சொன்னார்கள். பரம்பரை ஒரு பங்கு உண்டு. ஆனால் கருவிலும் முதல் இரண்டு வருடங்களிலும் கிடைக்காத சாப்பாட்டுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு. பதினான்கு வயதில் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் அந்த இடைவெளியை மூட முடியாது. டீச்சர் இதைப் படித்திருக்கவில்லை. ஆனாலும் உயரப் பந்தை விட்டு, தரையை ஒட்டிய வேகப் பந்தைக் கற்றுக்கொடுத்தார்.

பணத்துக்கு வருவோம். பந்து, வலை, எழுத்துத் துணி ஆகியவற்றுக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஏதோ கொடுத்தது. கடைவீதி முதலாளிமார் சிலர் கேட்டபோதெல்லாம் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஒருபோதும் சரியாக நன்றி சொன்னதில்லை. கணக்கில் வராத செலவுதான் கனத்தது. வயதுக்கு வந்த பிள்ளையை வெளியூருக்குத் தனியே அனுப்பத் தயங்கிய தாய் கூடவே வந்தாள். வந்த அன்று அவளுக்குப் பேர் இல்லை. தோட்டத்துக்கு வெளியே வாழும் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம்: ஒரு நாள் வேலை செய்து செக்ரோலில் பதிவாவதையே எங்கள் பக்கம் "பேர்" என்பார்கள். பேர் இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. 1984 வரை அந்தச் சம்பளமே பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவு. 2009இல்கூட எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து நாளொன்றுக்கு 405 ரூபாய். 2021இல் 1,000 ரூபாய். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய். ஒரு மாகாணப் போட்டி இரண்டு நாள் என்றால் ஒரு தாய்க்கு இரண்டு பேர் நட்டம். அது பாடசாலையின் எந்த வரவு செலவிலும் எழுதப்படவில்லை. எமது கிண்ணங்களுக்கு அதிகம் செலவழித்தவர்கள் அந்தத் தாய்மார்கள் என்று எழுதினால் மிகையாகாது.

இந்த இடத்தில் அமெரிக்காவைப் பார்ப்பது பயன்தரும். அங்கே பெண்கள் அதிகம் ஆடும் கல்லூரி ஆட்டங்களில் ஒன்று சொஃப்ட்போல். எமது பையன்கள் ஆடும் மென்பந்துக் கிரிக்கெட் அன்று, பேஸ்போலின் தங்கை. 1972இல் வந்த ஒன்பதாவது தலைப்பு எனப்படும் சட்டம், அரசாங்கப் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் பால் காரணமாக யாரையும் ஒதுக்கக் கூடாது என்றது. அந்த வருடம் அந்நாட்டு உயர்நிலைப் பாடசாலைகளில் விளையாடிய பெண்பிள்ளைகள் ஏறத்தாழ 3 இலட்சம். பிற்காலத்தில் 30 இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் எமக்குப் பிடித்தது பின்னர் வந்த இரண்டு சட்டங்கள். 1990இன் சட்டப்படி, விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கும் கல்லூரி தன் ஆட்டக்காரர்களில் எத்தனை வீதத்தினர் பட்டம் பெற்றனர் என்று வெளியிட வேண்டும். 1994இன் சட்டப்படி, இருபாலாரும் படிக்கும் கல்லூரி ஒவ்வொன்றும் ஆண் அணிகளில் எத்தனை பேர், பெண் அணிகளில் எத்தனை பேர், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவு என்று வருடந்தோறும் கணக்குக் காட்ட வேண்டும். பேர், பணம், படிப்பு மூன்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

உதவித்தொகையையும் நாம் கற்பனை செய்வதுபோல் வாரிக் கொடுப்பதில்லை. முதற்பிரிவுக் கல்லூரியின் சொஃப்ட்போல் அணிக்குப் பல காலமாக இருந்த எல்லை 12 முழு உதவித்தொகைகள். அதையும் இருபது பேருக்குப் பிய்த்துப் பிய்த்துப் பகிர்ந்தார்கள். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு சதமும் இல்லை. பெரென்சன் அம்மையாரின் ஸ்மித் கல்லூரி இன்றும் மகளிர் கல்லூரியே. அது மூன்றாம் பிரிவில் இருக்கிறது. அங்கே சொஃப்ட்போல் ஆடும் மாணவி அதற்காகப் பணம் வாங்குவதில்லை. படிக்க வந்தவள் ஆடவும் செய்கிறாள். எமது பாடசாலையில் ஆடியவர்களின் நிலைக்கு அதுதான் கிட்டியது.

இனிப் படிப்பு. சாதாரண தரப் பரீட்சை வருடம் வந்தால் பெற்றோர் பிள்ளையை அணியிலிருந்து எடுத்துவிடுவது எமது காலத்திலும் வழக்கம், இன்றும் வழக்கம். நிறுத்தினால் பெறுபேறு உயரும் என்பது அவர்களின் நம்பிக்கை. நிறுத்தப்பட்ட பிள்ளைகள் அந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்று எமது வகுப்பினரையே கேட்டுப் பார்த்தோம். தண்ணீர் பிடித்தோம், விறகு பொறுக்கினோம், சமைத்தோம் என்றுதான் பதில் வந்தது. படித்தோம் என்று சொன்னவர்கள் குறைவு. மாறாக, ஆட நின்றவர்களுக்குப் பயிற்சிக்குப் பின் ஒரு வகுப்பறையில் விளக்குப் போட்டு, கணிதம் கற்பிக்க ஓர் ஆசிரியரை இருத்தி, பிறகு ஒருவர் கூட்டிச்சென்று பஸ் ஏற்றிவிட்டார்கள். அணியில் இருந்ததால் அவர்களுக்குப் படிக்க மேசை கிடைத்தது. எம்மில் சிலர் இன்று மருத்துவராகவும் ஆசிரியையாகவும் தாதியாகவும் இருப்பதற்கு அந்த மேசைக்கும் பங்குண்டு. இதை ஓர் ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை. ஒரு வகுப்பின் சாட்சியமாகச் சொல்கிறோம்.

உயர்தரம் வேறு கதை. விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் இருந்தன. பதினாறு வயதில் அட்டனுக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ போய் உறவினர் வீட்டு மூலையில் தங்கிப் படித்தவர்கள் எல்லோரும் ஆட்டத்தை விட்டோம். நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று என்பதால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி சற்று இறங்கி நின்றது. அந்தச் சலுகை இல்லாவிட்டால் எம்மில் பலர் வெள்ளைக் கோட்டுப் போட்டிருக்கமாட்டோம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்குப் போனவர்கள் மட்டும் அங்கே மறுபடியும் வளையத்தைக் கண்டார்கள். இன்று மலையகப் பாடசாலைகளில் அணிகளைப் பழக்கும் ஆசிரியைகளில் அவர்கள் பலர்.

மருத்துவராக ஓரிரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட மனமில்லை. பயிற்சியில் மூச்சு வாங்கி உட்கார்ந்த பிள்ளையை "சோம்பல்" என்று திட்டிய காலம் அது. அவர்களில் பலருக்கு இரத்தச்சோகை இருந்திருக்கும் என்று இன்று தெரிகிறது. மாதவிடாய் தொடங்கிய வயது, இரும்புச்சத்துக் குறைந்த சாப்பாடு, அதன்மேல் சாப்பிட்ட கையோடு குடிக்கும் சாயத் தேத்தண்ணீர். உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைத் தேயிலை தடுக்கும். உலகத்துக்குத் தேயிலை கொடுக்கும் ஊரில் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணீருக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள். முழங்காலைப் பற்றியும்: இந்த ஆட்டத்தில் பந்தைப் பிடித்த கணத்தில் நிற்க வேண்டும். பாய்ந்து வந்து சட்டென நிற்கும்போது முழங்கால் உள்நோக்கி மடிந்தால் சவ்வு அறும். பெண்பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிட அதிகம். தரையில் இறங்கும்போது முழங்காலை மடித்து, இரு காலிலும் பாரத்தைப் போடப் பழக்குவதற்குப் பணம் தேவையில்லை, பத்து நிமிடம் போதும். இன்னொன்று வெள்ளைச் சீருடை. மாதத்தில் சில நாட்கள் பயிற்சிக்கு வராமல் நின்ற பிள்ளைகளின் காரணம் எமக்குத் தெரியும், டீச்சருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சென்ற வருடம் சீருடையைக் கடும் நீலமாக மாற்றியிருக்கிறார்கள். பாடசாலையின் நூறு ஆண்டு வரலாற்றில் இதை ஒரு முக்கிய சீர்திருத்தமாகவே பதிவு செய்கிறோம்.

தமிழ்ப் பெண்பிள்ளை இந்த ஆட்டத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்பவர்களுக்குத் தர்ஜினி சிவலிங்கம் இருக்கிறார். யாழ்ப்பாணத்து ஈவினையிலிருந்து வந்தவர். உயரம் 208 சென்ரிமீற்றர். சிறுவயதில் பரிகாசத்துக்குக் காரணமான அந்த உயரமே பின்னர் நாட்டின் முதலாகியது. 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்ற அணிகளில் ஆடினார். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டு ஆட்டக்காரிகளையும்விட அதிக கோல் போட்டவர் அவர்தான். அவுஸ்திரேலியாவிலும் போய் ஆடினார். கொழும்பின் வங்கிகளும் நிறுவனங்களும் தமது அணிகளுக்காக நல்ல ஆட்டக்காரிகளுக்கு வேலை கொடுக்கின்றன என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி அந்தக் கதவுவரை போனதை நாம் இன்னும் காணவில்லை. 2003இல் பிரஜாவுரிமைச் சட்டம் மிச்சமிருந்த நாடற்றவர்களையும் பிரஜைகளாக்கிவிட்டது. கடவுச்சீட்டு இனித் தடையில்லை. பஸ் இன்னும் தடை.

சென்ற வருடம் எமது அணியில் கோல் காத்த பிள்ளை சாதாரண தரம் எழுதிய கையோடு கொழும்புப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். பெறுபேறு வந்தபோது அவள் உயர்தரம் படிக்கத் தகுதி பெற்றிருந்தாள். திரும்பி வருமாறு சங்கத்தினர் சிலர் பேசிப் பார்த்தோம். வீட்டில் கடன் இருக்கிறது என்றாள். எவ்வளவு என்று கேட்டோம். சங்கத்தின் வருடாந்த இராப்போசனத்துக்கு மண்டபம் எடுக்கும் பணத்தைவிடக் குறைவு.

நூற்றாண்டு நினைவாகப் பாடசாலை வாசலில் ஒரு வளைவு கட்ட வேண்டும் என்ற யோசனை சங்கத்தின் முன் இருக்கிறது. வளைவு அழகாகத்தான் இருக்கும். எமது கருத்து வேறு. அந்தப் பணத்தை நிரந்தர வைப்பில் இட்டு, வட்டியைக் கொண்டு மூன்று காரியம் செய்யலாம்: பயிற்சி நாட்களில் தோட்டங்களுக்கு ஒரு வான், பயிற்சிக்குப் பின் முட்டையும் கடலையும், கூடவே படிக்க விளக்கும் ஆசிரியரும், போட்டிக்குக் கூட வரும் தாய்க்கு அன்றைய பேருக்கு ஈடான பணம். மூன்றாவதைக் கேட்டுக் கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் தாய் கொழுந்தெடுத்தவர்கள் யாரும் இல்லை. அத்துடன், ஒவ்வொரு வருடமும் பரிசளிப்பு விழாவில் ஒரு தாள் ஒட்டப்பட வேண்டும். அணியில் ஆடியவர்களின் பெயர்கள், வந்த பணமும் போன பணமும், அவர்களின் பரீட்சை நிலை. பக்கத்து ஆண்கள் பாடசாலைக் கிரிக்கெட் அணிக்குச் செலவானதையும் கேட்டுப் பக்கத்தில் ஒட்டலாம், தந்தால்.

யோசனை அடுத்த பொதுக் கூட்டத்தில் வாக்குக்கு வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் எழுத்து மூலமும் வாக்களிக்கலாம் என்று யாப்பு இடம் தருகிறது, செயலாளருக்கு எழுதுங்கள்.

அதற்கிடையில் உங்களிடம் வேறொரு உதவி கேட்கிறோம். வீட்டில் பழைய பெட்டியைத் திறந்து அணியின் புகைப்படம் ஏதும் இருந்தால் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் பிரதி எடுத்து அனுப்புங்கள். பின்பக்கத்தில்தான் பெயர் எழுதியிருப்போம். எழுபதுகளின் அந்த ஆறு பேர் படத்தில் நான்கு பேரை அடையாளம் கண்டுவிட்டோம். இடமிருந்து இரண்டாவதாக, இரட்டைப் பின்னலோடு பந்தை இடுப்பில் அணைத்து நிற்பவரும், கடைசியில் கமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பவரும் யாரென்று தெரிந்தவர்கள் தெரிவிக்கவும்.